கிள்ளானில் ஒரு லூர்து

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் நம்மவர்கள் ஜாலான் தெங்கு கிளானாவில் இறங்குவது பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காகத்தான். சேலை எடுக்க வேண்டும். நகை பார்க்க வேண்டும். வாழையிலை போட்டுச் சாப்பிட வேண்டும். தீபாவளி நெருங்கிவிட்டால் அந்தச் சாலையில் கால் வைக்க இடம் இராது. மல்லிகைப் பூவும் முறுக்கும் மணக்கும் அந்தக் கடைத்தெருவைத் தாண்டி, அதே சாலையில் இன்னும் சற்று நடந்தால், வானத்தை நோக்கி எழுந்த கூரிய கோபுரத்துடன் ஒரு மாதா கோயில் நிற்கிறது. அதுதான் கிள்ளான் லூர்து மாதா கோயில். 1928ஆம் ஆண்டு கட்டப்பட்டது. இன்னும் சிறிது காலத்தில், 2028ஆம் ஆண்டில், அதற்கு நூறு வயது நிறைகிறது.

நான் வழிபடும் சந்நிதி வேறு. ஆனாலும் தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஓர் ஆசிரியன் என்ற முறையில், இந்தக் கோயிலைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் இதன் கதையில் பிரான்சு நாட்டு மலையடிவாரமும் இருக்கிறது. நம் பால்மரக் காடுகளும் இருக்கின்றன.

எப்படிப் போவது?

கோலாலம்பூர் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொமுட்டர் இரயிலில் ஏறிக் கிள்ளான் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். இந்த இரயில் பாதைக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் வடகரையில் உள்ள புக்கிட் கூடா வரையில் பாதை போட்டார்கள். 1890இல் ஆற்றின் மேல் பாலம் கட்டிக் கிள்ளான் பட்டணத்துக்குள் இரயிலைக் கொண்டு வந்தார்கள். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதைத்தான் கிள்ளான் துறைமுகம் என்கிறோம். நம் பாட்டன் பாட்டிமாரில் எத்தனையோ பேர் கப்பலை விட்டு இறங்கி மலாயா மண்ணில் முதலில் கால் வைத்த இடம் அது.

நிலையத்திலிருந்து ஜாலான் தெங்கு கிளானாவைப் பிடித்து நடக்கலாம். வழியில் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலையும் காண்பீர்கள். துணிக்கடை, நகைக்கடை, பூக்கடை, பள்ளிவாசல், மாதா கோயில் எல்லாம் ஒரே சாலையில் இருக்கின்றன. ஒருநாள் சாமான் வாங்கும் நோக்கத்தை விட்டுவிட்டு, பார்ப்பதற்கென்றே இந்தச் சாலையில் நடந்து பாருங்கள்.

விறகு பொறுக்கப் போன சிறுமி

இந்தக் கோயிலின் பெயரைப் புரிந்துகொள்ள நாம் பிரான்சு தேசத்தின் தென்மேற்கு மூலைக்குப் போக வேண்டும். பிரினீஸ் மலையடிவாரத்தில் லூர்து என்று ஒரு சிற்றூர். 1858ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் நாள், பெர்னதெத் என்னும் பதினான்கு வயதுப் பெண் தன் தங்கையோடும் ஒரு தோழியோடும் விறகு பொறுக்கப் போனாள். தகப்பன் மாவு ஆலை வைத்து நொடித்துப் போனவர். குடியிருக்க வீடில்லாமல், முன்னொரு காலத்தில் சிறையாக இருந்த ஒற்றை அறையில் குடும்பம் முழுவதும் அடைந்து கிடந்தது. பெர்னதெத்துக்கு இழுப்பு நோய் வேறு. எழுத்து வாசனையும் கிடையாது.

ஆற்றோரப் பாறைக் குகையில் வெள்ளை உடையணிந்த ஒரு பெண்மணியைக் கண்டதாக அவள் சொன்னாள். அன்று தொடங்கி ஜூலை 16ஆம் நாள் வரையில் பதினெட்டு முறை அந்தக் காட்சி கிடைத்ததாகத் திருச்சபை வரலாறு கூறுகிறது. முதலில் ஊரார் சிரித்தார்கள். போலீஸ் அதிகாரி விசாரித்தார். பங்குக் குருவே நம்பவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1862இல்தான் அந்த மறைமாவட்டத்து ஆயர் அதை ஏற்றுக்கொண்டார்.

இந்தக் கதையில் ஓர் ஆசிரியனாகிய என் மனத்தைப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பெர்னதெத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு மொழி சரியாக வராது. அவள் பேசியது அந்த மலைநாட்டுப் பேச்சு. படித்தவர்கள் அதை ஒரு மொழியாகவே மதிக்கவில்லை. ஆனால் குகையில் தோன்றிய அம்மை தன்னிடம் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசியதாக அந்தப் பெண் சொன்னாள். "நானே அமலோற்பவம்" என்ற பொருள்படும் சொற்களை அந்தப் பேச்சிலேயே கேட்டுக்கொண்டு, வழியெல்லாம் வாய்க்குள் சொல்லியபடியே ஓடிப்போய்க் குருவிடம் ஒப்புவித்தாளாம்.

ஒற்றை அறை வீடு, விறகு பொறுக்கும் பிள்ளை, மதிப்பில்லாத தாய்மொழி. இவற்றைக் கேட்டபோது நம் லயத்து மக்களுக்கு அந்தப் பெண் அந்நியளாகத் தோன்றியிருப்பாளா? சொல்லுங்கள்.

தமிழ் மண்ணில் லூர்து

லூர்து பக்தி வெகு விரைவாகத் தமிழர்களிடம் வந்து சேர்ந்தது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1877ஆம் ஆண்டிலேயே லூர்து மாதாவுக்குக் கோயில் எழும்பிவிட்டது. அங்குள்ள சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. நம் கோயில்களில் இருப்பதைப் போல அந்தக் கோயிலுக்கும் திருக்குளம் வெட்டியிருக்கிறார்கள். திருச்சிராப்பள்ளியில் புனித சூசையப்பர் கல்லூரியை ஒட்டி, மலைக்கோட்டைக்கு எதிரே உயர்ந்த கோபுரத்துடன் நிற்பதும் லூர்து மாதா கோயில்தான்.

இந்தப் பக்கத்திலும் அப்படியே. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று எழுப்பிய முதல் கோயில் ஓபிர் சாலையில் இருக்கிறது. 1886இல் அடிக்கல் நாட்டி 1888இல் திறந்தார்கள். அதற்கும் லூர்து மாதா பெயர்தான். 2005இல் சிங்கப்பூர் அரசாங்கம் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. ஈப்போவில் சிலிபினில் இருக்கும் கோயிலும் லூர்து மாதாவுக்குரியதே. தமிழர் சென்ற இடமெல்லாம் மாரியம்மனும் முருகனும் சென்றதைப் போல, தமிழ்க் கத்தோலிக்கர் சென்ற இடமெல்லாம் அந்தோணியாரும் லூர்து மாதாவும் சென்றிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. மலாயாவில் மறைப்பணி செய்த குருமாரில் பெரும்பாலோர் பாரிஸ் வேதபோதகச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். அதே சபைதான் புதுச்சேரிப் பகுதியிலும் பணி செய்தது. தங்கள் நாட்டு மாதாவை அவர்கள் இரண்டு கரைகளுக்கும் கொண்டு வந்தார்கள். கூலி வேலைக்கு வந்த தமிழன், ஊரில் கும்பிட்ட அதே மாதாவை இங்கும் கண்டான்.

1928ஆம் ஆண்டு

கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் குன்றில் 1883ஆம் ஆண்டில் லெத்தெசியே என்ற குரு புனித அருளப்பர் கோயிலை ஏற்படுத்தினார். பிரிக்பீல்ட்சில், இன்று துன் சம்பந்தன் பெயர் தாங்கிய சாலையில், 1903, 1904ஆம் ஆண்டுகளில் சீனக் கத்தோலிக்கர்களுக்காகச் செபமாலை மாதா கோயில் எழுந்தது. பட்டணத்தின் செங்கல் சூளைகள் புகைந்த இடமாதலால்தான் பிரிக்பீல்ட்சுக்கு அந்தப் பெயர் வந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று புடு வட்டாரத்தில், ராபர்ட்சன் சாலையில், 1910இல் புனித அந்தோணியார் கோயில் அமைந்தது.

கிள்ளானைச் சுற்றி அப்போது ரப்பர்த் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. காப்பியும் தென்னையும் இருந்த நிலங்களிலெல்லாம் பால்மரம் ஏறியது. ஆள் தேவைப்பட்டது. தமிழகத்தின் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கர்கள். 1920களின் இறுதியில் தோட்டத்துச் சம்பளம் ஆணுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசும் பெண்ணுக்கு நாற்பது காசுமாக இருந்தது. பிரட்டுக்கு விடியுமுன் எழுந்து, வெட்டி முடித்துப் பாலைக் கொண்டு சேர்த்தால் அந்தக் காசு.

இந்தக் காலத்தில்தான், 1928இல், லூயி பிலிப் சுஹே என்னும் குரு கிள்ளான் கோயிலைக் கட்டினார். கோயிலின் வடிவத்தை அமைத்தவரும் அவரே. லூர்து திருத்தலத்துக் கோயிலையே மாதிரியாகக் கொண்டார். அந்த நேரத்தில் பெர்னதெத் இன்னும் புனிதை ஆகவில்லை. 1925இல் முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் மட்டும் கிடைத்திருந்தது. புனிதர் பட்டம் கிடைத்தது 1933ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாளில்தான். அந்த வகையில் கிள்ளான் கோயில் அவருடைய புனிதர் பட்டத்துக்கும் மூத்தது.

கட்டிய வேளையும் கவனிக்கத் தக்கது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிவிட்டது. ரப்பர் விலை பாதாளத்தில் விழுந்தது. சம்பளம் குறைந்தது. 1930ஆம் ஆண்டிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். இன்னும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப் போட்டிருந்தால் இப்படி ஒரு கோயில் எழும்பியிருக்குமா என்பது சந்தேகமே.

வெளியே நின்று பாருங்கள்

கோயிலுக்குள் போகுமுன் சாலையோரம் நின்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். இந்தக் கட்டட முறைக்குக் கோத்திக் பாணி என்று பெயர். பாரிசுக்கு அருகில் செயின்ட் தெனி என்ற மடத்துக் கோயிலில் 1140ஆம் ஆண்டளவில் உருவான முறை இது. பிறகு வழக்கொழிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடியும் உயிர்பெற்றது. லூர்து குகையின் மேலே 1876இல் அபிஷேகம் செய்யப்பட்ட பெரிய கோயிலும் இந்தப் புதிய கோத்திக் முறையில் கட்டியதே.

இதன் அடையாளம் கூர்வளைவு. நம் ஊர்களில் பழைய கட்டடங்களில் அரைவட்ட வளைவைப் பார்த்திருப்பீர்கள். அரைவட்டத்தில் அகலம் இவ்வளவு என்றால் உயரம் அதில் பாதிதான். கூட்டவோ குறைக்கவோ முடியாது. இரண்டு விற்களைச் சாய்த்து நுனியில் சேர்த்தாற்போன்ற கூர்வளைவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அகலம் குறைவாக இருந்தாலும் வேண்டிய அளவு உயர்த்தலாம். பாரமும் பக்கவாட்டில் அதிகம் தள்ளாமல் நேரே கீழே இறங்குகிறது. மிச்சத் தள்ளலைத் தாங்கச் சுவரின் வெளிப்புறத்தில் முட்டுச்சுவர்களை எழுப்புவார்கள். இப்படிப் பாரத்தைத் தூண்களும் முட்டுகளும் ஏற்றுக்கொள்வதால், இடைச் சுவரில் நெட்டையான சன்னல்களைத் திறந்துவிட முடிகிறது. உள்ளே வெளிச்சம் வருகிறது.

ஐரோப்பாவில் இதைக் கல்லில் செதுக்கினார்கள். நம் நாட்டில் எழுந்த இவ்வகைக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல் கட்டிச் சாந்து பூசியவை. பனி வழுக்கி விழுவதற்காக அங்கே செங்குத்தாகச் சாய்த்த கூரை, இங்கே நம் அடைமழைக்கும் தோதாகிவிட்டது!

நம் கோயில் கோபுரத்தோடு ஒப்பிட்டும் பாருங்கள். நம்முடைய இராஜகோபுரம் நிலை நிலையாகச் சுதைச் சிற்பங்களைச் சுமந்துகொண்டு உயரும். ஒவ்வொரு நிலையிலும் கண் தங்கிப் போகும். கோத்திக் கோபுரமோ போகப் போக மெலிந்து, கண்ணை எங்கும் நிற்கவிடாமல் நுனிக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆனாலும் இரண்டுக்கும் ஒரு வேலை பொதுவானது. தூரத்துக் காட்டில் இருப்பவனுக்கு, இதோ இங்கே கோயில் இருக்கிறது என்று காட்டுவதுதான் அது.

உள்ளே சென்றால்

உள்ளே நுழைந்ததும் பார்வை நேரே பீடத்துக்குப் போகும். அப்படிப் போகும்படியாகத்தான் இவ்வகைக் கோயில்களில் தூண்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். நம் கோயிலில் மகாமண்டபம், அர்த்தமண்டபம் கடந்து கருவறைக்குப் போவதைப் போன்றதுதான் இதுவும். ஒரு வேறுபாடு உண்டு. நம் கருவறை இருட்டாக, அடக்கமாக இருக்கும். இங்கே போகப் போக வெளிச்சம் கூடும்.

சுவர்களில் பதினான்கு படங்களோ சிற்பங்களோ வரிசையாக இருப்பதை எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் காணலாம். அதற்குச் சிலுவைப் பாதை என்று பெயர். இயேசு தீர்ப்புப் பெற்றது முதல் கல்லறையில் வைக்கப்பட்டது வரையிலான நிகழ்ச்சிகள் அவற்றில் இருக்கும். எழுத்தறியாத மக்கள் அதைப் பார்த்தே கதையைப் படித்துக்கொண்டார்கள். நம் மண்டபச் சுவர்களில் இராமாயணத்தைத் தீட்டி வைத்ததும் அதற்குத்தானே?

என் மாணவர்கள் சிலரை ஒருமுறை இங்கே அழைத்துச் சென்றிருந்தேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், வேளாங்கண்ணி மாதா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இருக்காங்க, இவங்க கையில பிள்ளை இல்லையே, ஏன்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அன்று அவனுக்குச் சொன்ன அடையாளங்களை உங்களுக்கும் சொல்கிறேன். லூர்து மாதாவின் கையில் குழந்தை இருக்காது; இரு கைகளும் கூப்பியபடி இருக்கும். வெள்ளை உடை, இடுப்பில் நீலக் கச்சை, கையில் செபமாலை, ஒவ்வொரு பாதத்தின் மேலும் ஒரு பொன்னிற ரோஜா. பெர்னதெத் சொன்ன வருணனை அது. அதைக் கேட்டு 1864இல் பாபிஷ் என்ற சிற்பி பளிங்கில் வடித்துக் குகையில் வைத்த உருவமே உலகெங்கும் உள்ள லூர்து சுரூபங்களுக்கு மூலம். ஆனால் அந்தச் சிலையைக் கண்ட பெர்னதெத், தான் பார்த்தது இப்படி இல்லை என்று சொல்லிவிட்டாளாம்! சிற்பிக்கு எப்படி இருந்திருக்கும், பாவம்.

பாறைக் குகை போல அமைத்து அதில் மாதாவை வைப்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கெபி என்பார்கள். அந்தப் பாறையின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்பவர்களில் எல்லா மதத்தாரையும் பார்க்கலாம். பிள்ளை வரத்துக்கும் நோய் தீரவும் வேண்டிக்கொள்கிற நம் தாய்மார்கள் அதில் வேற்றுமை பார்ப்பதில்லை.

ஒரு காலத்தில் இங்கே பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. குரு பீடத்தைப் பார்த்தபடி நின்று சொல்வார்; சனங்கள் பின்னால் முழந்தாளிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, குரு மக்களைப் பார்த்துத் திரும்பினார். பூசையும் தமிழுக்கு வந்தது. அந்த மலைநாட்டுச் சிறுமிக்குக் கிடைத்த மரியாதை, அவள் பெயரோடு சேர்ந்த இந்தக் கோயிலில் தமிழ்ப் பெண்களுக்குக் கிடைக்க அவ்வளவு காலமாயிற்று.

2008இல் எண்பதாம் ஆண்டு நிறைவையொட்டிக் கோயிலைப் பழுது பார்த்துப் புதுப்பித்தார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே முன்னேற்றம் என்று நினைக்கிற காலத்தில் இது பாராட்டுக்குரிய காரியம்.

தோட்டத்துச் சிற்றாலயங்கள்

பட்டணத்துக் கோயில் நிற்கிறது. ஆனால் அதைச் சுற்றியிருந்த சின்னஞ்சிறு கோயில்கள் எங்கே?

தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். மாரியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு சிற்றாலயம் இருக்கும். உள்ளே அந்தோணியார் அல்லது மாதா. குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் சொல்லுவார். திருநாளன்று தோட்டமே கூடும். அம்மன் திருவிழாவுக்குக் கத்தோலிக்க வீட்டார் வரி கொடுப்பார்கள். அந்தோணியார் சப்பரத்துக்கு இந்து வீட்டுப் பையன்கள் தோள் கொடுப்பார்கள்.

தோட்டம் கைமாறியபோது என்ன ஆயிற்று? நிலம் கம்பெனியுடையது. அம்மன் கோயிலுக்கும் நிலப்பட்டா இல்லை. அந்தோணியார் கோயிலுக்கும் இல்லை. புக்கிட் ராஜா தோட்டம் இருந்த நிலத்தில் இன்று பண்டார் புக்கிட் ராஜா என்னும் வீடமைப்புப் பகுதி இருக்கிறது. கிள்ளானைச் சுற்றி இப்படி எத்தனையோ. சனங்கள் கம்போங்குகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் சிதறிப் போனார்கள். நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடத்தின் பெயரில் இன்னும் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, தோட்டம் இல்லை. பால்மரத்தையே பார்த்திராத பிள்ளைகள் அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு வருகிறார்கள்.

பதிவேட்டில் இருக்கும் தாத்தா

தகரக் கூரை போய்விட்டாலும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவேட்டில் எழுதி வைப்பது கட்டாயம். 1563இல் திரெந்து சங்கம் இட்ட கட்டளை அது. தோட்டத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையின் பெயரும், பெற்றோர் பெயரும், ஞானத்தாய் தகப்பன் பெயரும் பங்குக் கோயிலின் ஏட்டில் ஏறும். கம்பெனிக் கணக்கில் அந்த மனிதர் வெறும் செக்ரோல் எண். இந்த ஏட்டில் அவருக்குத் தாயும் தகப்பனும் இருக்கிறார்கள்.

பிறப்புச் சான்றிதழ் எடுக்காமல் விட்ட குடும்பங்கள் நம்மில் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். 1957க்குப் பிறகு குடியுரிமைக்கும், 1969இல் வேலை பெர்மிட் வந்தபோது பிழைப்புக்குமே காகிதம் தேவைப்பட்டது. காகிதம் இல்லாதவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு தவித்தார்கள், ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிவிட்டார்கள். ஒரு பழைய ஏட்டில் எழுதிய இரண்டு வரியின் மதிப்பு அப்படிப்பட்ட வேளையில்தான் தெரியும்.

உங்கள் முன்னோர் கத்தோலிக்கராக இருந்தால், அவர்கள் பெயரைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அந்தக் காலத்துக் குருமார் ஏட்டை இலத்தீனில் எழுதுவது வழக்கம். தாத்தா சூசை என்றால் யோசேப்புஸ் என்று இருக்கலாம். இராயப்பன் பெத்ருஸ் ஆகியிருப்பார். சின்னப்பன் பவுலுஸ் ஆகியிருப்பார். அருளப்பன் யோவான்னஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். பெயரை மாற்றவில்லை; அவை ஒரே புனிதரின் தமிழ்ப் பெயரும் இலத்தீன் பெயரும்தான். இது தெரியாமல், தாத்தா பெயர் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

பூசை நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம். பூசை இல்லாத வேளையில் அலுவலகத்தில் ஒரு சொல் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். அடக்கமான உடை உடுத்துங்கள். தலையில் தொப்பி இருந்தால் கழற்றிவிடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டிய கட்டாயமில்லை. படம் எடுக்கலாமா என்று கேட்டு எடுங்கள். சன்னல்களின் அழகைப் பார்க்க வெயில் சாய்ந்த வேளை நல்லது. பெப்ரவரி 11 லூர்து மாதா திருநாள். அதையொட்டிய நாட்களில் போனால் கோயிலை அலங்காரத்தோடு காணலாம்.

பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் சென்று, கோயில் நிழலில் உட்காரவைத்து, எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம், சிற்றாலயம் எங்கே இருந்தது, சப்பரம் எந்த வழியாகப் போனது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் தேதி போட்டு எழுதி வையுங்கள். இந்தக் கோயிலின் நூறாவது ஆண்டைக் கொண்டாட நிறையப் பேர் இருப்பார்கள். உங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?